கண்ணாடிக்கும் பல்லுக்கும் பதவி துறந்தவர்

ஒரு மூக்குக் கண்ணாடி. ஒரு செட்டுப் பல். இந்த இரண்டுக்காக ஒருவர் அமைச்சர் பதவியைத் துறந்தார் என்றால் கேட்பவர்கள் வியப்படைவார்கள். 1951ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இலண்டன் மாநகரம் அந்த வியப்பைக் கண்டது. இவ்வளவு சிறிய தொகைக்காகவா இத்தனை பெரிய முடிவு என்று எதிரிகள் கேட்டார்கள். அவரோடு ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த அமைச்சர்களும் கேட்டார்கள்.

பதவி துறந்தவர் பெயர் அனைரின் பெவன். 13 வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். 47 வயதில் பிரிட்டனின் சுகாதார அமைச்சரானவர். செல்வர் என்றும் ஏழை என்றும் பாராமல், நோய் வந்தவர் எவராயினும் காசு கேட்காமல் மருத்துவம் என்ற திட்டத்தைச் சட்டமாக்கிக் கட்டி எழுப்பியவர்.

31 ஆண்டுகள் அவர் பாராளுமன்றத்தில் இருந்தார். அதில் அமைச்சராக இருந்த காலம் ஆறு ஆண்டுகள் கூட நிறையவில்லை. மீதிக் காலமெல்லாம் பின்வரிசை, எதிர்வரிசை, சில வேளைகளில் கட்சிக்கே வெளிவரிசை!

ஆட்சியில் அமர்வது எதற்காக? எதிர்க்கட்சியாக இருப்பது எதற்காக? இந்த இரு கேள்விகளுக்கும் ஒரே விடை தந்த வாழ்க்கை அது. கட்சிப் பணியைத் தம் பணியாகக் கொண்ட தோழர்கள் அறிந்து கொள்ள வேண்டிய வாழ்க்கை.

சுரங்கத்துச் சிறுவன்

பிரிட்டனின் மேற்குப் புறத்தில் இருப்பது வேல்ஸ் நாடு. அதன் தென்பகுதி மலையும் பள்ளத்தாக்குமாகக் கிடக்கும். அந்த நாளில் பள்ளத்தாக்குதோறும் சுரங்கம். சுரங்கத்தைச் சுற்றி வரிசை வரிசையாகத் தொழிலாளர் குடியிருப்பு. அப்படிப்பட்ட ஊர்களில் ஒன்றுதான் ட்ரெடிகர். 1897 நவம்பர் 15ஆம் நாள் அங்கே பிறந்தான் பெவன். தந்தை டேவிட் சுரங்கத் தொழிலாளி. தாய் பீபி துணி தைப்பவர். பிள்ளைகள் பத்துப் பேர். அத்தனை பேரும் பிழைத்து வளரவில்லை.

சிறுவனுக்குத் திக்குவாய். பள்ளிக்கூடம் அவனுக்குக் கசந்தது. 13 வயதில் படிப்பு முடிந்தது. அண்ணன் இறங்கிய சுரங்கத்திலேயே தம்பியும் இறங்கினான். பகலெல்லாம் இருட்டில் வேலை. மாலையில் குளித்துக் கரி கழுவியதும் அவன் ஓடிய இடம் தொழிலாளர் மன்றத்துப் படிப்பகம். சுரங்கத் தொழிலாளர் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு வளர்த்த படிப்பகம் அது. பொருளாதாரம், தத்துவம், வரலாறு என்று கைக்கு எட்டியதை எல்லாம் படித்தான்.

திக்குவாயை அவன் வென்ற விதம் விந்தையானது. எந்தச் சொல் நாவில் தடுக்குமோ, அந்தச் சொல்லை விட்டுவிட்டு அதே பொருள் தரும் வேறு சொல்லைத் தேடுவான். தேடித் தேடியே சொற்களஞ்சியம் பெருகிற்று. பேச வராத பையன் என்று ஊர் நினைத்தவன், பின்னாளில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் சர்ச்சிலுக்கு இணையாக நின்று பேசிய நாவலரானான்!

19 வயதில் அவர் தமது சுரங்கத்துச் சங்கக் கிளையின் தலைவர். 1919இல் சங்கம் உதவித் தொகை கொடுத்து இலண்டனில் இருந்த தொழிலாளர் கல்லூரிக்கு அவரை அனுப்பியது. 1921இல் படித்து முடித்துத் திரும்பியபோது பழைய சுரங்கத்தின் கதவு அவருக்கு மூடியிருந்தது. சங்கம் பேசும் ஆளுக்கு வேலை கொடுக்க எந்த முதலாளி முன்வருவான்?

1925இல் தந்தை இறந்தார். ஆண்டுக்கணக்கில் சுவாசித்த நிலக்கரித் தூசி நுரையீரலில் படிந்து, மூச்சு முட்டி, மகனின் கைகளிலேயே உயிர் பிரிந்தது. இழப்பீடு? ஒரு காசு கிடையாது. அந்த நோய், தொழிலால் வரும் நோய்கள் என்று சட்டம் எழுதி வைத்திருந்த பட்டியலில் அப்போது இல்லை. சுரங்கம் கொடுத்த நோய். சட்டம் மறுத்த நோய்! சட்டம் எழுதும் இடத்தில் தொழிலாளி இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு வேறு பாடம் வேண்டுமா?

அடுத்த ஆண்டு, 1926 மே திங்களில், பிரிட்டன் முழுவதும் பொது வேலைநிறுத்தம். ஒன்பது நாட்களில் மற்றத் தொழிலாளர்கள் திரும்பிவிட்டார்கள். சுரங்கத் தொழிலாளர் மட்டும் கதவடைப்பைத் தாங்கி ஏறத்தாழ ஏழு மாதம் நின்றார்கள். ட்ரெடிகரில் பட்டினிக் குடும்பங்களுக்குச் சோறு சேர்க்கும் பணி பெவன் தோளில் விழுந்தது. கடைசியில் பசி வென்றது. குறைந்த கூலிக்கும் கூடுதல் நேர வேலைக்கும் தலை குனிந்து திரும்பினார்கள். சங்கத்தின் வலிமை மட்டும் போதாது, ஆட்சியின் வலிமையும் தொழிலாளி கைக்கு வர வேண்டும் என்ற முடிவுக்குப் பெவன் வந்தது அப்போதுதான்.

மூன்று பென்ஸ்

ட்ரெடிகரில் தொழிலாளர் மருத்துவ உதவிச் சங்கம் என்று ஒன்று இருந்தது. கூலியில் ஒரு பவுனுக்கு மூன்று பென்ஸ் கொடுத்தால் போதும். அந்த நாளில் ஒரு பவுனுக்கு 240 பென்ஸ் என்பதை நினைவில் கொண்டால், அது எவ்வளவு சிறிய பங்கு என்பது விளங்கும். அந்தப் பங்குகள் சேர்ந்து டாக்டர்களுக்குச் சம்பளம் கொடுத்தன, மருந்து வாங்கின, ஊர் ஆஸ்பத்திரியை நடத்தின. ஊரார் ஏறக்குறைய அனைவரும் அதற்குள் அடங்கினார்கள். பிற்காலத்தில் புகழ்பெற்ற நாவலாசிரியர் ஏ. ஜே. கிரோனின் 1920களில் அந்தச் சங்கத்தில் டாக்டராக வேலை பார்த்தவர். அந்த ஆஸ்பத்திரியின் நிர்வாகக் குழுவில் இருந்து வேலை கற்றவர் பெவன்.

மற்ற ஊர்களில் நிலைமை என்ன? லாயிட் ஜார்ஜ் 1911இல் கொண்டுவந்த காப்புறுதிச் சட்டம் ஒன்று இருந்தது. அது வேலைக்குப் போகும் தொழிலாளிக்கு டாக்டரைக் காட்டியது. அவன் மனைவிக்கு? இல்லை. அவன் குழந்தைக்கு? இல்லை. ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு? அதுவும் இல்லை. வீட்டில் இருந்த தாய்மார்கள் நோயை மறைத்தார்கள். டாக்டர் வந்தால் பணம் கேட்பாரே என்று அஞ்சி வலியை விழுங்கினார்கள்.

ஒரு சுரங்க ஊர் தனக்காகச் செய்து கொண்டதை ஒரு நாடு ஏன் தன் மக்கள் அனைவருக்கும் செய்யக் கூடாது? இருபதாண்டுகளுக்குப் பிறகு அமைச்சர் பெவன் கொண்டு வந்த சட்டத்தின் விதை இந்தக் கேள்விதான்.

எதிர்வரிசையின் வேலை

1929 பொதுத் தேர்தலில் எப்புவேல் தொகுதியில் தொழிற்கட்சியின் வேட்பாளராக நின்று வென்றார். அன்று வென்ற தொகுதியைச் சாகும் வரையில் இழக்கவில்லை.

அந்தத் தேர்தலில் ராம்சே மக்டொனால்டு தலைமையில் தொழிற்கட்சி ஆட்சி அமைத்தது. இரண்டே ஆண்டுகளில் உலகத்தைப் பிடித்த பொருளாதார நெருக்கடி பிரிட்டனையும் பிடித்தது. வேலையில்லாதாருக்குத் தரும் உதவித் தொகையை வெட்ட வேண்டும் என்றார்கள் பணக்காரர்கள். அமைச்சரவை பிளந்தது. மக்டொனால்டு என்ன செய்தார்? கட்சியை விட்டுவிட்டு எதிரிகளான டோரிகளோடு சேர்ந்து தேசிய அரசாங்கம் என்ற பெயரில் பிரதமராகவே நீடித்தார்! 1931 தேர்தலில் தொழிற்கட்சி ஏறத்தாழ ஐம்பது இடங்களுக்குச் சுருங்கியது. அந்தப் புயலிலும் எப்புவேலில் பெவனை எதிர்த்து நிற்க ஆள் இல்லை, போட்டியின்றி வென்றார்.

தலைமை தடுமாறும் கட்சியில் தொண்டர் தடுமாறுவது இயல்பு. ஆஸ்வால்டு மோஸ்லி என்பவர் வேலையில்லாத் திண்டாட்டத்தைத் தீர்க்க ஒரு திட்டம் தீட்டினார். அந்த அறிக்கையில் பெவனும் கையெழுத்திட்டார். ஆனால் மோஸ்லி தனிக்கட்சி கண்டபோது பெவன் கூடப் போகவில்லை. தொழிலாளர் இயக்கத்தை விட்டு வெளியே போகும் பாதை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். மோஸ்லி போய்ச் சேர்ந்த இடம் பாசிசம்!

1930களில் வருமானச் சோதனை என்ற கொடுமை வந்தது. வேலையிழந்த தந்தைக்கு உதவி தரும் முன், வீட்டில் மகன் எவ்வளவு சம்பாதிக்கிறான், மகள் எவ்வளவு கொண்டு வருகிறாள் என்று அதிகாரி வந்து கணக்கெடுப்பார். அவர்கள் சம்பாதிப்பதைத் தந்தையின் தொகையில் கழிப்பார். தந்தையின் சோற்றுக்காக மகன் வீட்டைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் உண்டு. பெவன் பாராளுமன்றத்தில் எழுந்து எழுந்து பேசியது இதைப் பற்றித்தான். 1934இல் அவர் மணந்து கொண்ட ஜென்னி லீயும் ஸ்காட்லாந்துச் சுரங்கத் தொழிலாளியின் மகள். அவரும் பாராளுமன்றம் கண்டவர்.

1939இல் கட்சி அவரை நீக்கியது. சேம்பர்லேன் அரசை வீழ்த்த எதிர்ப்பாளர் எல்லோரும் ஒன்று சேர வேண்டும் என்று பேசிய ஸ்டாஃபோர்டு கிரிப்சுக்குத் துணை நின்றதே குற்றம். அந்த ஆண்டின் இறுதியில் மறுபடி சேர்த்துக் கொண்டார்கள்.

பிறகு போர். 1940இல் சர்ச்சில் தலைமையில் எல்லாக் கட்சிகளும் சேர்ந்த அரசாங்கம். தொழிற்கட்சித் தலைவர்களும் அமைச்சர்களானார்கள். எதிர்க்கட்சி என்று சொல்லத்தக்க ஒன்று அவையில் இல்லை. அந்த வெற்றிடத்தில் எழுந்து நின்றவர் பெவன். இட்லரை வீழ்த்த வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆனால் போரை நடத்தும் முறையில் தவறு கண்டால் கேள்வி கேட்பது துரோகமாகாது என்றார். 1942 ஜூலையில் சர்ச்சில் அரசின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. பெவன் அதை ஆதரித்துப் பேசினார். ஆதரவு வாக்கு 25, எதிர்த்து 475. இருபத்தைந்து பேராக நிற்க அஞ்சாதவனால்தான் பின்னால் பெரும்பான்மையைத் திரட்ட முடியும்.

1944இல் வந்தது இன்னொரு சோதனை. இன்றியமையாத தொழில்களில் வேலைநிறுத்தத்தைத் தூண்டினால் ஐந்தாண்டு வரை கடுங்காவல் என்று ஒரு விதி பிறந்தது. கொண்டு வந்தவர் தொழில் அமைச்சர் எர்னஸ்ட் பெவின்; தொழிற்கட்சிக்காரர், பெரும் தொழிற்சங்கத் தலைவர். பெவன், பெவின் என்று பெயரில் ஓரெழுத்துதான் வேற்றுமை, நோக்கிலோ நெடுந்தூரம்! வேலை நிறுத்தும் உரிமையைத் தொழிலாளர் தலைவர் கையாலேயே பறிப்பதா என்று பெவன் எதிர்த்தார். கட்சி அவரை மறுபடியும் நீக்கும் நிலைக்கு வந்தது. கட்டுப்பாட்டுக்கு அடங்கி நடப்பதாக எழுதிக் கொடுத்த பிறகே விட்டார்கள்.

ஆட்சியின் வேலை

1945 ஜூலை. போரில் வென்ற சர்ச்சிலை மக்கள் தேர்தலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். தொழிற்கட்சிக்கு 393 இடங்கள். பிரதமரான அட்லி, கட்சிக்குள் இத்தனை தொல்லை கொடுத்த பெவனைக் கூப்பிட்டுச் சுகாதாரத் துறையையும் வீட்டு வசதியையும் அவர் தலையில் வைத்தார். அமைச்சரவையிலேயே வயதில் இளையவர் அவர். 1947இல் இந்தியாவுக்கு விடுதலை தந்தது இந்த அமைச்சரவைதான்.

பேசத் தெரிந்தவருக்குச் செய்யத் தெரியுமா என்று பலர் காத்திருந்தார்கள். அவர் செய்து காட்டினார்.

தேசிய சுகாதாரச் சட்டம் 1946இல் நிறைவேறியது. இங்கிலாந்திலும் வேல்சிலும் இருந்த மருத்துவமனைகளில் சில தருமப் பணத்தில் நடந்தன; சில நகராட்சிகளின் கையில் இருந்தன. சில இடங்களில் நல்ல ஆஸ்பத்திரி, பல இடங்களில் ஒன்றுமே இல்லை. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அந்த மருத்துவமனைகளை அரசு எடுத்துக் கொள்ளும் என்றார் பெவன். நகராட்சிகளிடமிருந்து பறிக்கக் கூடாது என்று சக அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன் அமைச்சரவையில் வாதாடினார். ஏழை ஊர் நகராட்சியால் நல்ல ஆஸ்பத்திரி நடத்த முடியாது. ஊரைப் பார்த்து உயிருக்கு விலை போடக் கூடாது என்பது பெவனின் கட்சி. அட்லி பெவன் பக்கம் நின்றார். டோரிகள் மசோதாவின் இரண்டாம் வாசிப்பிலும் மூன்றாம் வாசிப்பிலும் எதிர்த்து வாக்களித்தார்கள்.

அதைவிடப் பெரிய எதிர்ப்பு டாக்டர்களிடமிருந்து வந்தது. அரசாங்கச் சம்பளக்காரர்களாகிவிடுவோம் என்று அவர்கள் அஞ்சினார்கள். 1948 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மருத்துவர் சங்கம் வாக்கெடுப்பு நடத்தியது. எதிர்த்தவர்கள் நாற்பதாயிரத்துக்கு மேல். ஆதரித்தவர்கள் ஐயாயிரத்துக்கும் குறைவு. திட்டம் தொடங்கவோ ஐந்தே மாதம்!

மேடையில் புயலாக இருந்த மனிதர் பேச்சுவார்த்தை அறையில் வேறு ஆளாக இருந்தார். பெரிய மருத்துவமனைகளின் நிபுணர்களைத் தனியே பிரித்துப் பேசினார். பொது ஆஸ்பத்திரியிலேயே பணம் கட்டும் நோயாளிக்குச் சில படுக்கைகள் வைத்துக் கொள்ள இசைந்தார். நல்ல ஊதியம் தந்தார். பொன்னைக் காட்டித்தான் அவர்களை வளைத்தேன் என்பதைப் பின்னாளில் அவர் மறைக்கவும் இல்லை. சாதாரண டாக்டர்களுக்கு, முழுநேரச் சம்பள முறையைத் திணிக்க மாட்டோம் என்ற உறுதியைச் சட்டத்திலேயே சேர்க்க ஒப்பினார். தொழிலை விலைக்கு விற்கும் பழைய வழக்கம் ஒழிந்ததற்கு ஈடாக 6 கோடியே 60 இலட்சம் பவுன் ஒதுக்கினார்.

விட்டுக் கொடுத்தார் என்று இடதுசாரித் தோழர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் விட்டுக் கொடுத்தது எதை? வழியில் கிடந்த கல்லை. விடாமல் பிடித்துக் கொண்டது எதை? நோயாளியிடம் காசு கேட்கக் கூடாது என்ற கொள்கையை. மே திங்களில் நடந்த இரண்டாம் வாக்கெடுப்பில் எதிர்ப்பு வெகுவாகக் குறைந்தது. டாக்டர் சங்கம் இறங்கி வந்தது.

1948 ஜூலை 5. மான்செஸ்டர் அருகே பார்க் மருத்துவமனைக்குப் பெவன் சென்றார். புதிய திட்டத்தின் முதல் நோயாளி என்று 13 வயதுச் சிறுமி ஒருத்தியைப் படுக்கையருகே நின்று வாழ்த்தினார். அதே 13 வயதில்தான் அவர் சுரங்கத்தில் இறங்கினார்!

அதற்கு முதல் நாள் மான்செஸ்டர் கூட்டத்தில், தம் இளமைக் கால வறுமை நினைவுக்கு வர, டோரிகளைப் புழு பூச்சிக்கும் கீழாக வைத்துப் பேசிவிட்டார். எதிரிக்கு அது கரும்பாயிற்று. திட்டத்தைக் குறை சொல்ல முடியாதவர்கள் சொல்லைப் பிடித்துக் கொண்டார்கள். அட்லி கடிதம் எழுதிக் கண்டித்தார். சாதனையின் நாளன்று சாதனையைப் பேசவிடாமல் செய்தது ஒரு சுடுசொல். மேடை ஏறும் தோழர்கள் மனத்தில் வைக்க வேண்டிய செய்தி இது.

கதவு திறந்ததும் மக்கள் வந்தார்கள். எத்தனை பேர்! கடையில் விற்ற ஏதோ ஒரு கண்ணாடியை மாட்டிக் கொண்டு அரைப் பார்வையோடு காலம் தள்ளிய கிழவர்கள், பல்லெல்லாம் சொத்தையாகி வலியோடு வாழ்ந்த தாய்மார்கள், ஆண்டுக்கணக்கில் கட்டியை மறைத்து வைத்திருந்த பெண்கள். முதலாண்டிலேயே இலட்சக்கணக்கில் கண்ணாடிகள் வழங்கப்பட்டன. மதிப்பிட்டதைவிடச் செலவு ஏறியது. ஏன் ஏறியது? அத்தனை காலம் அடக்கி வைத்த நோய் வெளியே வந்தது, அதனால் ஏறியது.

வீட்டு வசதியிலும் அவர் நோக்கு அதுவே. தொழிலாளிக்குத்தானே என்று சிறிய கூடுகளைக் கட்டக் கூடாது என்றார். போருக்கு முன் 750 சதுர அடியாக இருந்த நகராட்சி வீட்டை 900 சதுர அடியாக்கினார். எண்ணிக்கை குறைகிறதே என்று குறை சொன்னார்கள். கட்டும் வீடு தலைமுறைகளுக்கு நிற்க வேண்டும் என்பதில் அவர் தளரவில்லை.

பதவி விலகல்

1950இல் கொரியாவில் போர் மூண்டது. அமெரிக்காவோடு சேர்ந்து பிரிட்டனும் படைக்கருவி குவிக்கத் தொடங்கியது. மூன்றாண்டில் 470 கோடிப் பவுன் என்பது திட்டம். இத்தனை பணத்தைச் செலவிட எஃகு இல்லை, இயந்திரம் இல்லை, ஆள் இல்லை. நடக்காத கணக்கு என்றார் பெவன். அப்போது அவர் தொழில் அமைச்சராக மாறியிருந்தார்.

1951 ஏப்ரல் 10. நிதி அமைச்சர் கெயிட்ஸ்கெல் பட்ஜெட் கொண்டு வந்தார். பல் செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் நோயாளி பாதி விலை கட்ட வேண்டும் என்றார். அந்த ஆண்டில் அதனால் வரவிருந்த தொகை 1 கோடியே 30 இலட்சம் பவுன். ஆயுதத்துக்கு 470 கோடி; அதன் பக்கத்தில் கிழவன் கண்ணாடிக்கு 1 கோடியே 30 இலட்சம்!

ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1949இல் மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் வாங்கலாம் என்று சட்டத்தில் இடம் செய்தபோது அமைச்சர் பெவனே மனமில்லாமல் இசைந்திருந்தார். அது நடைமுறைக்கு வராமல் தடுத்தும் வைத்திருந்தார். இதைக் காட்டிப் பகைவர் கேட்டார்கள்: அன்று ஒப்பியவர் இன்று ஏன் மறுக்கிறார்? விடை எளிது. அன்றையது ஏட்டில் இருந்த அதிகாரம்; இன்றையது கண்ணாடிக் கடையில் கேட்கும் காசு. இன்று கண்ணாடி, நாளை மருந்து, மறுநாள் படுக்கை என்று போகும் என அவர் கண்டார். சுவரில் ஒரு செங்கல்லைத் தன் கட்சியே உருவிவிட்டால், நாளை வரும் எதிரி சுவரையே தள்ளுவான் அல்லவா?

ஏப்ரல் 22ஆம் நாள் பதவி விலகினார். ஹெரால்டு வில்சனும் ஜான் ஃப்ரீமனும் தொடர்ந்து விலகினார்கள். ஆயுதக் கணக்கைப் பற்றி அவர் சொன்னது சில மாதங்களிலேயே மெய்யாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் ஆட்சிக்கு வந்த சர்ச்சில், இத்தனையையும் செலவிட முடியாது என்று திட்டத்தைத் தளர்த்தினார். பெவன் சொன்னது சரியாகப் போயிற்று என்று, கொஞ்சம் குத்தலோடுதான் என்றாலும், அவையிலேயே ஒப்புக் கொண்டார்.

பதின்மூன்று ஆண்டு

பெவன் எடுத்த நிலை சரி. ஆனால் அதற்குப் பின் நடந்தவை எல்லாம் சரியா? இங்கே தோழர்கள் நின்று சிந்திக்க வேண்டும்.

1951 தேர்தலில் தொழிற்கட்சிக்கு விழுந்த வாக்கு 1 கோடியே 39 இலட்சம். டோரிகளுக்கு 1 கோடியே 37 இலட்சம். இருந்தும் இடங்களில் டோரிகள் 321, தொழிற்கட்சி 295. ஆட்சி கை மாறியது. மறுபடி கைக்கு வரப் பதின்மூன்று ஆண்டு பிடித்தது. அந்த ஆண்டுகளில் பெருங்காலம் கட்சிக்குள்ளேயே போர். பெவன் அணி என்று ஒன்று; கெயிட்ஸ்கெல் அணி என்று ஒன்று. 1952இல் ஆயுதச் செலவு பற்றிய வாக்கெடுப்பில் 57 தொழிற்கட்சி உறுப்பினர்கள் கட்சி ஆணையை மீறினார்கள். அதே ஆண்டு மோர்கேம் மாநாட்டில், நிர்வாகக் குழுவுக்குத் தொகுதிக் கட்சிகள் தேர்ந்தெடுக்கும் ஏழு இடங்களில் ஆறு பெவன் அணிக்குப் போயின. 1955இல் பாராளுமன்றக் கட்சி அவரை விலக்கி வைத்தது. முழுதாக நீக்கும் முயற்சி மயிரிழையில் தப்பியது. டோரிகள் ஆட்சியில் அமர்ந்து வேடிக்கை பார்த்தார்கள். 1955 டிசம்பரில் தலைவர் தேர்தல். கெயிட்ஸ்கெல் 157, பெவன் 70, மாரிசன் 40.

தோற்றவர் என்ன செய்தார்? தனிக்கட்சி தொடங்கவில்லை. மக்டொனால்டு போல் மறுபக்கம் தாவவில்லை. தம்மை வென்றவரின் கீழ் வேலை செய்ய ஒப்பினார். 1956இல் எகிப்தின் மீது பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசியபோது, எதிர்க்கட்சியின் குரலாக டிராபல்கர் சதுக்கத்தில் திரண்ட பெருங்கூட்டத்தில் முழங்கினார்.

1957 பிரைட்டன் மாநாட்டில் அவர் கண்டது தம் சொந்த அணியின் கோபம். பிரிட்டன் தானாகவே ஹைட்ரஜன் குண்டைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானத்தை அவர் எதிர்த்தார். நாளை அயல்நாட்டு அமைச்சராகப் பேச்சுவார்த்தைக்குப் போகிறவன் வெறுங்கையோடு போக முடியாது என்பது அவர் வாதம். நேற்று வரை அவரைத் தோளில் தூக்கியவர்கள் கண்ணீர் விட்டார்கள், கூச்சலிட்டார்கள். அந்த முடிவு சரியா தவறா என்று இன்றும் வாதிடலாம். ஆனால் கைதட்டலுக்காக அவர் பேசவில்லை என்பதில் வாதத்துக்கு இடமில்லை.

1959இல் கட்சியின் துணைத் தலைவரானார். அந்த ஆண்டின் இறுதியில் நோயில் விழுந்தார். வயிற்றில் புற்று. 1960 ஜூலை 6ஆம் நாள் மறைந்தார். அவருடைய மருத்துவத் திட்டம் பன்னிரண்டு ஆண்டைக் கடந்த மறுநாள். வயது 62.

மிஞ்சியது எது?

அவர் அஞ்சியது போலவே மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தை 1952இல் டோரிகள் கொண்டு வந்தார்கள். தொழிற்கட்சி போட்டு வைத்த சட்டமே அவர்களுக்கு வழியாயிற்று! 1951இல் அவரோடு பதவி விலகிய வில்சன் 1964இல் பிரதமரானார். 1965இல் அந்தக் கட்டணத்தை நீக்கினார். பணமுடை வந்ததும் 1968இல் அவரே மறுபடி போட்டார். ஆனால் பெவன் பிறந்த வேல்ஸ் நாடு, தனக்கென்று ஆட்சி மன்றம் பெற்ற பிறகு, 2007இல் மருந்துச் சீட்டுக் கட்டணத்தை அறவே ஒழித்தது.

டோரிகள் எத்தனையோ முறை ஆட்சிக்கு வந்தார்கள். அவர் இருந்த அமைச்சரவை நாட்டுடைமையாக்கிய வேறு பலவற்றைத் தனியாருக்கு விற்றார்கள், சுரங்கங்களையே மூடினார்கள். எதிர்த்து வாக்களித்த அந்த மருத்துவத் திட்டத்தை ஒழிப்போம் என்று சொல்லி வாக்குக் கேட்கும் துணிவு மட்டும் அவர்களுக்கு வரவில்லை. எதிரியும் தொட அஞ்சும்படி ஒன்றைக் கட்டிவிட்டுப் போவதைவிட ஆட்சிக்கு வேறு என்ன பெருமை வேண்டும்? அந்த மருத்துவமனைகளில் பின்னாளில் நம் நாட்டு டாக்டர்கள் ஆயிரக்கணக்கில் போய் உழைத்தார்கள். தமிழர்களும் அவர்களில் உண்டு.

ட்ரெடிகர், எப்புவேல், ரிம்னி என்ற மூன்று ஊர்களுக்கு இடையே, மேட்டு நிலத்துத் திறந்தவெளியில் அவர் நினைவாக நான்கு கற்கள் நிற்கின்றன. பெரிய கல் அவருக்கு. மற்ற மூன்றும் அவரை அனுப்பி வைத்த ஊர்களுக்கு. தலைவனின் கல்லைத் தனியே நிறுத்தாமல் ஊர்களின் கற்களையும் சேர்த்து நிறுத்தினார்களே, அதில் பொருள் உண்டு.

தோழர்களே! எதிர்வரிசையில் இருந்தபோது பெவன் கேட்ட கேள்வி: இந்தச் சட்டம் சுரங்கத்துக் குடும்பத்துக்கு என்ன செய்கிறது? ஆட்சியில் அமர்ந்தபோது கேட்டதும் அதே கேள்வி. பதவியை விட்டு இறங்கிய நாளிலும் அதே கேள்வி. நாற்காலி மாறியது, கேள்வி மாறவில்லை. கேள்வியை மறந்து நாற்காலியைக் காத்தவர் மக்டொனால்டு; பிரதமராக நீடித்தும் அவரை அவர் கட்சி மன்னிக்கவில்லை. நாற்காலியை விட்டுக் கேள்வியைக் காத்தவர் பெவன். ஒரு நாளும் பிரதமராகாத அவரை ஒரு நாடே நினைவில் வைத்திருக்கிறது. நம் கிளைகளில், சங்கங்களில், மன்றங்களில் நாமும் ஒவ்வொரு முடிவின் போதும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.